பெட்டி அண்ணாச்சியின் முதல் விலை

விருதுநகரில் ஒரு வியாபாரிக்கு மறதி வந்தால் அதை நோய் என்று யாரும் முதலில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொழில் என்றுதான் நினைப்பார்கள். போன வாரம் ஒத்துக்கொண்ட விலை இந்த வாரம் நினைவில் இல்லாமல் போவது, தரகரின் பெயரை மறந்து அவரை ஒரு படி இறக்கி வைப்பது, எதிராளி தொண்டை வறளப் பேசி முடித்ததும் "என்ன சொன்னீங்க?" என்று ஆரம்பத்திலிருந்து கேட்பது, இதெல்லாம் பஜாரில் பழகிய ஆயுதங்கள். மிளகாய் வத்தல் மண்டி தனுஷ்கோடி அந்த வித்தையில் கைதேர்ந்தவர். ஆகவே அவர் நிஜமாகவே மறக்கத் தொடங்கியபோது பஜாரே அவரை மெச்சிக்கொண்டது. "அண்ணாச்சி புதுசா ஒண்ணு எறக்கியிருக்காரு, கவனமா இருங்கப்பா" என்றார்கள்.

அவர் மனைவி மாரீஸ்வரி மட்டும் மெச்சவில்லை. பேரம் பேச எதுவுமே இல்லாத இடத்திலும் அவர் மறப்பதை அவள் பார்த்தாள். குளித்துத் துவட்டிக்கொண்டு வந்தவர் மறுபடி குளிக்கப் போனார். எண்ணெய் பரோட்டா வாங்கப் போன இடத்தில், "நம்ம வீடு எங்கிட்டு இருக்கு?" என்று பரோட்டா மாஸ்டரிடமே கேட்டார். மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, தானே வண்டியில் கொண்டுவந்து விட்டுப் போனார்.

மதுரையில் டாக்டர் மூளையின் படங்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி அல்சைமர் என்றார். தனுஷ்கோடி அசரவில்லை.

"எத்தன வருசம் தாக்குப் பிடிக்கும் டாக்டர்?"

"நாலு வருஷம் ஓரளவு நல்லா இருப்பீங்கன்னு வச்சுக்கலாம்."

"ஆறா முடிச்சிக்கிருவோம்."

"சார், அது என் கையில இல்ல."

"அப்ப யாரு கையில இருக்கோ அவரக் கூப்பிடுங்க, பேசுவோம்."

திரும்பி வரும்போது காரில் திருமங்கலம் தாண்டும்வரை அவர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். மாரீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தாள். "சரி, அழுதது போதும். சரக்கு கெட்டுப்போகப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சது நல்லதுதான். பாதி யாவாரிக்கு அது தெரியாமத்தான் மண்ணக் கவ்வுறான்" என்றார் அவர். மறுநாளே வேலையில் இறங்கிவிட்டார்.

முதல் வேலையாகப் பஜாரில் கடை கடையாக ஏறி விஷயத்தைத் தானே சொன்னார். மாரீஸ்வரிக்கு மானம் போனது. "மறச்சு வச்சா ஒருத்தன் ஏமாத்துவான். சொல்லிட்டம்னு வையி, பத்துப் பேரு பாத்துக்குவான்" என்றார். பேங்கில் அவள் கையெழுத்தையும் சேர்த்தார். உயிலை எழுதினார். கார் சாவியை, கேட்கும் முன்பே, அவள் கையில் கொடுத்தார். தான் பாட்டுக்குத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடாதபடி கேட்டின் தாழ்ப்பாளை மேலே தூக்கிப் பொருத்தச் சொன்னார். பெயரும் அவள் போன் நம்பரும் பொறித்த காப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு, பொன்னில் செய்ததைப்போலப் பெருமையாகக் கையை ஆட்டி நடந்தார். கடைசியாக முன்மனம் பதிவு செய்ய ஆளை வரவழைத்தார்.

முன்மனச் சட்டம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஹெப்சிபா என்ற பெண் வந்தாள். திசையன்விளைக்காரி. ஒரு டிபன் கேரியர் அளவுள்ள சாம்பல் நிறப் பெட்டியைக் கூடத்து மேசையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, நீங்க நல்லா இருக்கும்போதே இதுகிட்ட தினமும் பேசணும், பாத்துக்கிடுங்க. நீங்க எப்படி யோசிக்கிய, எப்படி முடிவெடுக்கிய எல்லாத்தையும் இது கத்துக்கிடும். பின்னால உங்களுக்கு முடியாமப் போறப்ப உங்க குரல்லயே உங்களுக்குப் பதிலா முடிவு சொல்லும். ஆஸ்பத்திரியும் கோர்ட்டும் அதத்தான் கேக்கும்."

"பிள்ளைக வேண்டாம்னு சொன்னா?"

"கேக்காது."

"பொண்டாட்டி சொன்னா?"

"அதுவும் கேக்காது."

"நானே சொன்னா?"

ஹெப்சிபா கொஞ்சம் தயங்கினாள். "அப்போ... நீங்க சொன்னாலும் கேக்காது அண்ணாச்சி."

தனுஷ்கோடி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "பலே. என்னையவே கடைய விட்டு எறக்கப்போற பங்காளி" என்றார்.

இதில் ஒரு நிபந்தனை இருந்தது. பதிவு நடக்கும்போது வீட்டார் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. நோயாளியின் மனம் கலப்படம் ஆகிவிடுமாம். அதனால் மாரீஸ்வரியும், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகள் சுபாஷினியும் சோபாவில் பொம்மைகள்போல இருந்தார்கள். என்ன சாப்பாடு, என்ன மருந்து, குழாய் வழியாக உணவு கொடுக்கலாமா என்றெல்லாம் பெட்டி கேட்டது, அவரும் சொன்னார். பிறகு பெட்டி கேட்டது: "உங்கள் மனைவியை உங்களுக்கு அடையாளம் தெரியாமல் போனால், நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?"

"அவ முகம் தெரியாமப் போன அன்னிக்கு என்னைய ஹோம்ல கொண்டி விட்டுருங்க. வீட்டுல வச்சுக்கிறக் கூடாது."

சொல்லிவிட்டு மாரீஸ்வரியைப் பார்த்தார். ஒரு நிமிடம்போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சட்டத்துக்குக் கட்டுப்பட்டாள்.

"சரி, அடுத்த கேள்வி" என்றார் தனுஷ்கோடி.

டாக்டர் சொன்ன நாலுக்கும் இவர் கேட்ட ஆறுக்கும் நடுவில் அந்த நாள் வந்தது. வழக்கமான பரிசோதனைக்கு வந்த ஹெப்சிபா, மாரீஸ்வரியைக் காட்டி, "இவங்க யாரு அண்ணாச்சி?" என்றாள். தனுஷ்கோடி மரியாதையாக எழுந்து நின்றார். "வாங்க, உக்காருங்க. சாத்தூர்ப் பக்கமிருந்து வத்தல் கொண்டாருவாங்க. நல்ல பார்ட்டி."

மேசையில் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. நல்லகாலத்துத் தனுஷ்கோடியின் கணீர்க் குரல் கூடத்தை நிறைத்தது. "நேரம் வந்துருச்சு. என்னைய இல்லத்துக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணுங்க."

நிஜத் தனுஷ்கோடி காராச்சேவு தின்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். "யாருய்யா அது? நல்லா அதிகாரமாப் பேசுறானே. நம்ம மண்டிக்கு எடுத்துக்கலாமே."

மதுரை அழகர்கோவில் சாலையில், மறதி நோய்க்காரர்களுக்கான ஓர் இல்லத்தில் இடம் ஒதுக்கி, அடுத்த வாரமே வண்டி வரும் என்று உத்தரவும் வந்துவிட்டது. சுபாஷினி அலறிப்புடைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் அம்மா பக்கம் நிற்க வரவில்லை.

"எம்மா, அப்பா தெளிவா இருக்கும்போது எடுத்த முடிவு. அத மதிக்கலேன்னா எதுக்கு அவ்வளவு நாள் பதிவு பண்ணோம்? ஒன் இடுப்பப் பாரு. அவரக் குளிப்பாட்டித் தூக்கி நிறுத்துறதுக்குள்ள நீ ரெண்டா மடங்கிப் போற. தெருவ விட்டு வெளிய போயி எத்தன மாசமாச்சு?"

"ஏட்டி, நீ யாவாரி வீட்டுல பெறந்து வளந்தவதான? ஒங்கப்பன் என்னைக்காவது எறங்குற வெலைய மொதல்ல சொல்லிப் பாத்திருக்கியா?"

"இதுல என்னம்மா வெல?"

"அது மொத வெலடி. ஹோம்ல விடுங்கன்னு சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்தாக. நான் பதிலுக்கு ஒரு வெல சொல்லுவேன்னு பாத்தாக. நானும் நீயும் கல்லு மாதிரி உக்காந்திருந்தோம். பஜார்ல வெல சொன்னதும் எதிராளி சும்மா இருந்தா என்ன அர்த்தம்?"

சுபாஷினிக்குத் தெரியும். ஒத்துக்கொண்டதாக அர்த்தம். வாயை மூடிக்கொண்டாள்.

மாரீஸ்வரி ஹெப்சிபாவுக்குப் போன் போட்டாள். "ஏம்மா, அந்தப் பெட்டிகிட்ட நான் பேசலாமா?"

"பேசலாம்மா. சட்டத்துல எடம் இருக்கு. யாரும் பேசுனதில்ல. எல்லாரும் அழுவாங்க, இல்லன்னா சரின்னு கையெழுத்துப் போட்டுருவாங்க."

"நான் அழுது முடிச்சிட்டேன். நீ வா."

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பேரம் தொடங்கியது. மேசையின் ஒரு பக்கம் பெட்டி, எதிர்ப்பக்கம் மாரீஸ்வரி. சுபாஷினியும் ஹெப்சிபாவும் சோபாவில். நிஜத் தனுஷ்கோடி சாய்வு நாற்காலியில் வெள்ளரிப் பிஞ்சு கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். தெருவில் ஏற்கனவே வீட்டில் இருப்பவரை அண்ணாச்சி என்றும், மேசையில் இருப்பதைப் பெட்டி அண்ணாச்சி என்றும் பிரித்துச் சொல்லப் பழகியிருந்தார்கள். சோறு தின்பவர் ஒருவர், கையெழுத்து இன்னொருவருக்கு.

"அவுகள நான் அனுப்ப மாட்டேன்" என்று எடுத்த எடுப்பில் சொன்னாள் மாரீஸ்வரி.

"அனுப்பித்தான் ஆகணும். நான் சொன்னது சொன்னதுதான்" என்றது பெட்டி அண்ணாச்சி.

"சொன்னதச் சொன்னபடி என்னைக்கு முடிச்சிருக்கீங்க? பொண்ணு பாக்க வந்தப்ப என் நெறம் கம்மின்னு சொன்னீகளே, அதுவும் சொன்னது சொன்னதுதானா?"

சுபாஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டியில் விளக்கு மினுங்கியது.

"அது எங்கப்பாரு பேசுனது. ஒன் இடுப்புக்கு ஆகாது மாரி. நான் கனத்த ஆளு."

"ஆள் போட்டுக்கிறேன். காலைல வந்து சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். குளிப்பாட்ட, தூக்க எல்லாம் ஆம்பள ஆளு."

"ஆள் போட்டுட்டு நீ பக்கத்துல நின்னு, சோப்பு இப்படிப் போடு, தலைய அப்படித் துவட்டுன்னு அவன மேப்பார்வ பாப்ப. அவன் பத்து நாள்ல ஓடிருவான். மறுபடி நீதான் தூக்குவ. எனக்குத் தெரியாதா?"

மாரீஸ்வரிக்குச் சுருக்கென்றது. உள்ளே இருப்பது அவரேதான்.

"அப்ப முடிவா என்ன சொல்றீங்க?"

"இல்லந்தான்."

மாரீஸ்வரி எழுந்தாள். மேசையில் இருந்த கைப்பையை எடுத்து அக்குளில் இடுக்கினாள். "சரி. கொண்டி போங்க. ஒங்களுக்கு இல்லம் இருக்கு, எனக்குக் கோயமுத்தூர்ல மக வீடு இருக்கு. நான் வர்றேன்." செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, கேட்டை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். ஹெப்சிபா பதறி எழப்போனாள். சுபாஷினி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கு இப்போது ரத்தத்தில் ஊறிய வியாபாரப் புத்தி எழும்பிவிட்டது. "இருங்க, இருங்க" என்று கிசுகிசுத்தாள்.

மாரீஸ்வரி மேல் தாழ்ப்பாளுக்குக் கையைத் தூக்கினாள்.

"ஏ மாரி" என்றது பெட்டி.

அவள் திரும்பவில்லை.

"ஏ புள்ள, இங்கிட்டு வா. வாசல் வரைக்கும் போன ஆள வெறுங்கையோட விட்டுட்டேன்னு எனக்குப் பேரு வேண்டாம். வந்து உக்காரு. பேசுவோம்."

ஹெப்சிபா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். "எந்தப் பெட்டியும் யாரையும் இப்படித் திரும்பக் கூப்பிட்டு நான் பாத்ததில்ல. முடிவ மாத்தாதுன்னுல்லா எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாவ."

"முடிவ மாத்தல. இன்னும் முடிவுக்கே வரல" என்றாள் சுபாஷினி.

திரும்பி வந்து உட்கார்ந்த மாரீஸ்வரி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். இரண்டாவது சுற்று சூடாக நடந்தது.

"வீட்டுல இருக்கேன்னு வையி" என்றது பெட்டி. "நீ வீட்டுல இருக்கக் கூடாது."

"இது என்ன கூத்து? நான் எங்க போக?"

"மண்டிக்குப் போ. கல்லாவுல உக்காரு. ஏலத்துக்கு நில்லு."

"எனக்கு வத்தல்ல என்ன தெரியும்? சாம்பாருக்குக் கிள்ளிப்போடத் தெரியும்."

"என் பேரத்தையெல்லாம் ராத்திரி சாப்பாட்டுல கேட்டு, இங்க கோட்டை விட்டீங்க, அங்க கோட்டை விட்டீங்கன்னு குத்தம் சொன்னது யாரு?"

"அர நாள் போறேன்."

"முழு நாள்."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவேன்."

"வா. ஆனா எனக்கு ஊட்டக் கூடாது. நீ சூடாச் சாப்பிட்டுட்டுப் போகணும். இன்னொண்ணு. மாசத்துல ரெண்டு நாள் சுபா இங்க வந்து இருக்கணும். அந்த ரெண்டு நாளும் நீ ஊர்ல இருக்கக் கூடாது. குத்தாலம் போ, எங்கிட்டோ போ."

"எப்பா!" என்றாள் சுபாஷினி. "எனக்கும் வேல வெட்டி இருக்குல்ல? என்னையக் கேக்காம..."

"ஒன்னையத்தான கேக்குறேன்."

சுபாஷினி அப்பாவின் குரலில் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரிப்பா. வர்றேன்."

"கடைசியா ஒண்ணு" என்றது பெட்டி, குரலைத் தாழ்த்தி. "என்னைக்காவது நான் ஒன்னைய அடிக்கக் கைய ஓங்குனேன்னா அன்னிக்கு இல்லம். இதுல ஏத்தம் எறக்கம் கெடயாது."

மாரீஸ்வரி சாய்வு நாற்காலியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இதுவரை அவளை ஒரு அதட்டல் போட்டதோடு சரி. ஆனால் சீக்கு மனிதனை எங்கெங்கோ கொண்டுபோகும் என்று டாக்டரே எச்சரித்திருந்தார். "சரி" என்றாள். அந்த ஒரு சொல்தான் அன்றைய பேரத்தில் அவளுக்கு வலித்தது. ஆனாலும் முழு நாள் மண்டி என்பது அவளுக்கு ஒப்பவில்லை. அரை நாளிலேயே நின்றாள். பெட்டி முழு நாளில் நின்றது. இருவரும் இறங்கவில்லை.

அப்போதுதான் சாய்வு நாற்காலியிலிருந்து நிஜத் தனுஷ்கோடி வெள்ளரிப் பிஞ்சை நீட்டிப் பெட்டியை அதட்டினார். "ஏப்பா, யாரு நீ? ரொம்ப நேரமா அவங்களக் காக்க வச்சுப் பேசுற. மொகத்தப் பாத்தாத் தெரியல, நாணயமானவங்கன்னு? குடுத்து விடுய்யா."

சுபாஷினி ஹெப்சிபாவைப் பார்த்தாள். ஹெப்சிபா மெல்லத் தலையாட்டினாள், சட்டப்படி அவர் பேச்சு கணக்கில் வராது என்பதுபோல. பெட்டியின் விளக்கு வெகுநேரம் மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஆளு சொல்லிட்டாரு" என்றது பெட்டி. "வீட்டுல இருக்கட்டும். ஆனா முழு நாள் மண்டி. அந்த ஒண்ணுக்கு நீ ஒத்துக்க மாரி."

"ஒத்துக்கிட்டேன்" என்று மாரீஸ்வரி எழுந்து, பெட்டியின் தலையில் கையை வைத்துப் பேரத்தை முடித்தாள்.

வண்டி வரவில்லை. பாண்டுரங்கன் என்ற வாட்டசாட்டமான ஆள் வந்தான். மாரீஸ்வரி மண்டிக்குப் போனாள். முதல் வாரம் அவளுக்கு வத்தல் நெடியில் தும்மல்தான். இரண்டாவது வாரம் ஒரு தரகர், "அண்ணாச்சி இந்த வெலைக்குத்தான் எடுப்பாரு ஆச்சி" என்று அளந்தார். "அப்படியா? அவுக வீட்டுலதான் இருக்காக. வாங்க, நேரவே கேட்டுருவோம்" என்றாள் அவள். தரகர் அன்றிலிருந்து அடக்கமாக நின்று பேசினார். பக்கத்துக் கடைப் பெண்களோடு சிரித்துப் பேசி டீ குடித்தாள். ஐப்பசியில் குற்றாலம் போய், அருவியில் நின்று, இடுப்பு வலியைப் பாதி அங்கேயே விட்டு வந்தாள். வீட்டில் தனுஷ்கோடி உடம்பு தேறியிருந்தார். எரிச்சலோடு ஊட்டப்பட்ட சோற்றுக்கும், அலுப்பில்லாத கை ஊட்டும் சோற்றுக்கும் வித்தியாசம் அந்த நிலைமையிலும் தெரியும்போல.

எல்லாம் சரியாக நடந்தது. அதுதான் மாரீஸ்வரியை உறுத்தியது. பேரம் பேசி வாங்கியவர்களுக்கு வரும் உறுத்தல் அது. கடைசியில் அந்த ஆள் கொஞ்சம் சீக்கிரமாகக் கொடுத்துவிட்டானோ, இன்னும் இறங்கியிருப்பானோ என்று வீட்டுக்கு வந்த பிறகு குடையும்.

சோதனைக்காக வந்த ஹெப்சிபா ஒருநாள் மண்டிக்கே வந்தாள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மாரீஸ்வரி நேராகவே கேட்டாள். "அன்னிக்குப் பெட்டி எறங்கி வந்துச்சே, நான் நின்னதுக்காகவா எறங்குச்சு?"

ஹெப்சிபா டீயை ஊதினாள். "நானும் அதத்தான் தோண்டிப் பாத்தேன்மா. ஒவ்வொண்ணையும் அண்ணாச்சி எவ்வளவு பிடிவாதமா வச்சிருந்தாருன்னு பெட்டிக்குள்ள தெரியும். அடிச்சா இல்லத்துக்குப் போகணும்னு சொன்னாரு பாருங்க, அதுல பிடி இருக்கு. ஒங்க மொகம் மறந்தா இல்லம்னு சொன்னதுல பிடியே இல்ல. காத்து. நீங்க சும்மா கேட்டாலே விட்டுக் குடுத்துருக்கும்."

"அப்ப எதுல நின்னுச்சு?"

"நீங்க மண்டிக்கு வரணுங்கிறதுல. அதுல இரும்பா இருந்துச்சு. அண்ணாச்சியே யோசிச்சு அப்படி வச்சாரா, இல்ல அவர் பேசுன பேச்சுல இருந்து பெட்டி தானாக் கத்துக்கிட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

மாரீஸ்வரி டீயை வைத்துவிட்டாள். சும்மா வந்து, "நீ மண்டிக்குப் போ" என்று சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாளா? காலைக் கட்டி இழுத்தாலும் போயிருக்க மாட்டாள். இல்லம் என்ற பூச்சாண்டியைக் காட்டி, அவளை வாசல்வரை கோபித்துக்கொண்டு போகவைத்து, அவளே கேட்டு வாங்குவதுபோல வாங்கவைத்துவிட்டார்கள். அவள் கொடுத்ததாக நினைத்தது அத்தனையும் அவர் விற்க வந்த சரக்கு.

சண்டை போடுவது என்று முடிவு செய்துதான் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். படியேறும்போதே, யாரோடு போடுவது என்ற சந்தேகம் வந்துவிட்டது. மேசையில் பெட்டி விளக்கணைந்து கிடந்தது. நாற்காலியில் தனுஷ்கோடி முகம் கழுவி, திருநீறு இட்டு, சட்டைப் பொத்தானெல்லாம் சரியாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க" என்றார். "வெயில்ல வந்திருக்கீங்க. மொகம் வாடியிருக்கே, என்ன விஷயம்?"

"ஒரு பேரத்துல நல்லா ஏமாந்துட்டேங்க" என்றாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து.

"அடடா. யாருகிட்ட?"

"தெரிஞ்ச ஆளுதான்."

"எப்படிப்பட்ட ஆளு?"

"பொல்லாத ஆளு. நான் ஜெயிச்சேன்னு நெனச்சுக்கிட்டு மாசக்கணக்காத் திரிஞ்சிருக்கேன்."

தனுஷ்கோடி தலையை ஆட்டி ஆட்டி வருத்தப்பட்டார். அவள் கையில் வத்தல் தூசி ஒட்டியிருப்பதைப் பார்த்துத் தன் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டார். பிறகு பாண்டுரங்கன் காதில் விழாதபடி அவள் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"அடுத்த தடவ அந்த ஆளுகிட்டத் தனியாப் போகாதீங்க. என்னையக் கூட்டிட்டுப் போங்க. ஒங்களுக்காக நான் பேசித் தர்றேன்."